பிறையின் கொம்பு எந்தப் பக்கம்

வேலையை விட்டு வந்த பிறகும் என் தொலைபேசி ஓயவில்லை. கேள்வி ஒன்றுதான்: "மேடம், எத்தனை மடங்கு டெலஸ்கோப் வாங்கலாம்?" கேட்பவர் திருச்சி கே.கே. நகரில் புதிதாக வீடு கட்டியவராக இருப்பார், அல்லது துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவராக இருப்பார். நான் பதிலுக்கு, "எங்கேருந்து பாக்கப் போறீங்க?" என்பேன். "வீட்லேருந்துதான்." "வீட்ல எந்த இடம்? மேற்குப் பக்கம் என்ன மறைக்குது?" இந்த இடத்தில் பாதிப் பேருக்குப் பொறுமை போய்விடும். "ஆன்லைன்லயே பாத்துக்கறேன் மேடம்" என்று வைத்துவிடுவார்கள். அதன் பிறகு என்னால் உட்கார முடியாது. காட்டூரில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கும் வாசற்கதவுக்கும் நடந்துகொண்டிருப்பேன். அவர் எதை வாங்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். பெட்டியின் மேல் சனிக்கோளின் வண்ணப்படமும், 675 மடங்கு என்ற எழுத்தும் இருக்கும். உள்ளே இருக்கும் முக்காலி ஈ உட்கார்ந்தால் ஆடும்.

நான் வேலை பார்த்த கடையை இப்போது முதலாளியின் மகள் ரஞ்சனி நடத்துகிறாள். விற்பனையில் பெரும் பகுதி இணையத்தில். வாடிக்கையாளரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போகும் வழக்கத்தை நிறுத்திவிட்டதாகப் போன வாரம் சொன்னாள். லிஃப்ட் இல்லாத கட்டடம், நேரமாகிறது, படியேற எவருக்கும் விருப்பமில்லை. சொன்ன காரணங்கள் எல்லாம் சரிதான். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கப்போகிறாளாம். "புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்கக்கா. கஸ்டமர்கிட்ட என்னென்ன கேக்கணும், எதைக் காட்டணும்னு" என்றாள். கேள்விகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியது இது.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்தவள் இல்லை. திருச்சியில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தேன். ஈய எழுத்துக் காலத்தின் கடைசி அது. கட்டி வைத்த பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி நிற்கும். கடைசி நேரத் திருத்தங்களை அப்படியே படித்துச் சரிபார்க்கப் பழகியிருந்தேன். கணினி வந்ததும் எங்களில் சிலருக்கு வேலை இல்லாமல் போனது. பாலக்கரையில் அறிவியல் கருவிகள் விற்கும் கடைக்கு ஆள் தேவை என்று எங்கள் பத்திரிகையிலேயே ஒரு வரி விளம்பரம் வந்தது. அதற்கு மெய்ப்புப் பார்த்தவளே போய்ச் சேர்ந்தேன்.

முதல் சில ஆண்டுகள் பள்ளிகளுக்கு நுண்ணோக்கியும் சோதனைக் குழாய்களும் அனுப்பியதில் போயின. தொலைநோக்கி வாங்க ஆட்கள் வரத் தொடங்கியது பிறகுதான். அந்தப் பகுதியை முதலாளி சம்பத் சார் தன் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்து வருவார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, சட்டைப் பையில் லென்ஸ் துடைக்கும் தூரிகை. கடைக்குள் நுழைபவர் "எவ்வளவு தூரம் தெரியும் சார்?" என்றுதான் ஆரம்பிப்பார். சம்பத் சார், "ராத்திரி வெறும் கண்ணாலயே நட்சத்திரம் வரைக்கும் தெரியறதே, அதுக்கு மேல தூரம் வேணுமா?" என்பார். சிரித்து முடித்ததும், "என்ன பாக்கப் போறேள்ங்கறதை அப்பறம் பேசலாம். எங்கேர்ந்து பாக்கப் போறேள்?" என்று கேட்பார். பதிலைப் பொறுத்துத்தான் அலமாரியைத் திறப்பார்.

அடுத்தது படியேற்றம். குழாயையும் முக்காலியையும் வாடிக்கையாளரே நான்கு மாடி தூக்கிவர வேண்டும். உதவிக்குப் போகாதே என்று எனக்கு உத்தரவு. "ஆத்துலயும் இவர்தானே தூக்கணும், விமலா? தூக்க முடியாத டெலஸ்கோப் பரண்ல குடியேறிடும். அதுக்குக் கழுத்துல மாட்டற பைனாகுலர் ஒஸ்தி."

மாடியில் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மேல் சிமென்ட் விளம்பரம் எழுதியிருக்கும். முதலில் இருபத்தைந்து மில்லிமீட்டர் ஐபீஸ். ஐபீஸ் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ் குப்பி. குழாயின் குவிய நீளத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே மடங்கு. எண் சிறிதானால் மடங்கு பெரிது. வாடிக்கையாளர் விளம்பரத்தைப் படிப்பார். பிறகு பத்து. அதிலும் படிப்பார், எழுத்து பெரிதாக இருக்கும். பிறகு ஒன்றும் சொல்லாமல் நாலைப் பொருத்துவார் சம்பத் சார். எழுத்து பூதாகரமாகி, மங்கி, மாலைச் சூட்டில் கொதிக்கும் தண்ணீரைப்போல நெளியும். "பெருசா தெரியறதா? தெளிவா தெரியறதா?" என்பார். முக்காலியை ஒரு விரலால் தட்டிவிட்டு, படத்தின் ஆட்டம் அடங்கும்வரை பார்க்கச் சொல்வார். "இது அடங்கறதுக்குள்ள சனி பகவான் வெளியில போயிடுவார்."

கே.கே. நகர் தம்பதி ஒன்று அந்த மாடியில் சண்டை போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. கணவருக்கு அதிக மடங்குதான் வேண்டும். மனைவி நாலில் கண்ணை வைத்துவிட்டு நிமிர்ந்து, "உங்க மாமா வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரியே இருக்கு. எல்லாம் ஆடுது, ஒரு மூஞ்சியும் தெரியல" என்றார். இருபத்தைந்தும் பத்தும் போதும் என்று முடிவானது.

இன்னொன்று, ஸ்ரீரங்கத்தில் கோபுரம் தெரியும் பால்கனிக்கு ஐந்து அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி வாங்கிய ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருக்கு வியாழனும் சனியும் வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் முதலில் கோபுரத்தைத்தான் பார்த்திருக்கிறார். உடனே தொலைபேசியில் பதறினார்: "சம்பத், கோபுரம் தலைகீழா தெரியறது! அபசாரம் ஒண்ணும் இல்லையே?" வானத்தைப் பார்க்கும் கருவிகள் பிம்பத்தை நிமிர்த்துவதற்காக வெளிச்சத்தை வீணாக்குவதில்லை. நட்சத்திரத்துக்குத் தலை ஏது? சம்பத் சார் அதையெல்லாம் விளக்கவில்லை. "பெருமாள் சயனத்துலதானே இருக்கார் ஓய். நிக்கறவாளுக்குத்தான் தலைகீழ். படுத்துண்டிருக்கறவருக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது" என்றார்.

தலைகீழாகத் தெரிந்தால் எவரும் பதறிவிடுவார்கள். இடமும் வலமும் மட்டும் மாறினால் யாரும் கவனிப்பதில்லை. காதர் பாயின் விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது.

காதர் பாய் பாலக்கரைக்காரர். வளைகுடாவில், தம்மாமில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்று வந்தவர். தன் ஜமாஅத்தில் பிறை பார்ப்பவர் அவர்தான். ரமலான் இருபத்தொன்பதாம் நாள் சூரியன் இறங்கியதும் மேற்கில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. பெருநாளுக்கு இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் அவர்களைத் தனித்தனியாகக் கேட்பார்: எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. பதில்கள் பொருந்த வேண்டும். அந்த மாலையில் தெருவில் கேட்கும் கேள்வி, பிறை தெரிந்ததா என்பதல்ல. "காதர் பாய் பாத்துட்டாரா?" என்பதுதான்.

அவர் கடைக்கு வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். "எடம் தெரிஞ்சா கண்ணு புடிச்சுக்கும் சார். எடம் தேடுறதுக்குள்ள எறங்கிப் போயிடுது. தேடித் தர்றதுக்கு ஒரு டெலஸ்கோப் வேணும். ஆனா சாட்சி கண்ணுலதான். எங்க ஜமாஅத்து வழக்கம் அது. குழாயில பாத்தது செல்லாது."

"எங்கேர்ந்து பாப்பேள்?"

"பள்ளிவாசல் மாடி. மேற்கால அடிவானம் வரைக்கும் தெரியும்."

சம்பத் சார் நீளம் குறைந்த எழுபது மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கியை எடுத்தார். பிறைக்கு மடங்கு வேண்டாம், அகலமான பார்வை வேண்டும். அதனால் இருபத்தைந்து ஐபீஸ் ஒன்றே போதும் என்றார். சூரியன் முழுவதும் இறங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை மூன்று விதமாகச் சொல்லி, காதர் பாயைத் திருப்பிச் சொல்ல வைத்தார். மிச்சம் இருந்தது எல்போ. குழாயின் பின்பக்கத்தையும் ஐபீஸையும் இணைக்கும் வளைவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது, தண்ணீர்க் குழாய்க்காரர்கள் சொல்வதுபோல. கடையில் இரண்டு வகை. ஒன்றில் கண்ணாடி. அது பிரகாசமாகக் காட்டும், நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கலாம். ஆனால் பிம்பம் நிமிர்ந்து நின்றாலும் இடவலம் மாறும். இன்னொன்றில் ப்ரிஸம். அது உள்ளபடியே காட்டும். ஆனால் கொஞ்சம் மங்கும், பார்ப்பவர் முட்டியை மடக்கிக் குனிய வேண்டும்.

"முட்டியா? அதை தம்மாம்லயே விட்டுட்டு வந்துட்டேன் சார்" என்றார் காதர் பாய்.

"அப்போ கண்ணாடி எல்போ. ஆனா இடது வலது மாறும், பரவாயில்லையா?"

"நிலாவுக்கு இடது என்ன, வலது என்ன சார்! சோறு திங்கவா போகுது?"

மூன்று பேரும் சிரித்தோம். நான் பில் போட்டேன்.

அந்த ஆண்டு இருபத்தொன்பதாம் நோன்பன்று மேற்கில் மேகம். கடை வாசலில் நின்றபடி நானும் பார்த்தேன். எதிர் வரிசைத் தையற்கடையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. கறிக்கடைக்காரர் ஆட்களை அனுப்பவும் முடியாமல் நிறுத்திவைக்கவும் முடியாமல் உள்ளும் புறமும் நடந்தார். யார் போன் அடித்தாலும் தெருவே திரும்பிப் பார்த்தது. மேகம் ஓரிடத்தில் கிழிந்து, ஆரஞ்சு நிறம் காட்டி, மறுபடி ஒட்டிக்கொண்டது.

அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்த பிறகு, சம்பத் சார் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை எடுத்த நேரத்தில், மூன்று பேர் வந்தார்கள். முன்னால் ஹஜ்ரத். வயதில் காதர் பாயைவிட இளையவர், குரலை உயர்த்தாதவர். அடுத்து டயர் கடை ரஃபீக். கடைசியாகக் காதர் பாய். தொலைநோக்கியைக் குழந்தையைப்போலத் தோளில் சாய்த்திருந்தார்.

நடந்ததை ரஃபீக்தான் படபடவென்று சொன்னார். மேகம் விலகிய அந்தச் சிறு இடைவெளியில் இருவரும் பிறையைப் பார்த்திருக்கிறார்கள். ரஃபீக் தன் வீட்டு மாடியிலிருந்து, காதர் பாய் பள்ளிவாசல் மாடியிலிருந்து. ஹஜ்ரத் தனித்தனியாகக் கேட்டபோது, கொம்பு இடது பக்கம் சாய்ந்திருந்ததாக ரஃபீக் சொன்னார். வலது பக்கம் என்றார் காதர் பாய். சாட்சி பொருந்தவில்லை. வெளியே காத்திருந்தவர்களுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது.

"காதர் மாமுவுக்குக் கண்ணு போச்சுங்கறாங்க சார். இன்னொருத்தன், பாக்காமலே பாத்தேன்னு சொல்லியிருக்காருங்கறான். எத்தனை வருஷமா பாக்கற மனுஷன்!" ரஃபீக் தொலைநோக்கியைக் காட்டினார். "மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன். நீங்க சொல்லுங்க சார்."

நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டை இன்னும் காதர் பாயின் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

ஹஜ்ரத் சம்பத் சாரிடம் கேட்டார்: "இந்தக் கருவி ஒரு பொருளை மாத்திக் காட்டுங்களா?"

காட்டும் என்று சொன்னால் போதும், காதர் பாய் பொய் சொல்லவில்லை என்றாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நொடியே மற்றதும் புரிந்தது. பிறை வலப்பக்கம் சாய்ந்து தெரிந்தது என்றால், அவர் அதைக் குழாயில் மட்டுமே பார்த்திருக்கிறார். கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

சம்பத் சாருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பையை மேஜையில் வைத்தார். "கருவி பாயோடது. அவரே காட்டட்டும்" என்றார்.

காதர் பாய் தொலைநோக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். கொம்பு விஷயத்தில் தடுமாறிவிட்டேன், ரஃபீக் சொன்னதே சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயதானவர் தடுமாறுவது யாருக்கும் அதிசயமாக இருந்திருக்காது. பல பேர் அதை விரும்பியும் இருப்பார்கள். ஒரு சாட்சி திருந்தினால் மறுநாள் பெருநாள்.

அவர் வாசலில் முக்காலியை விரித்தார். தெருக்கோடியில் ஒரு பேக்கரியின் விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. குழாயை அதை நோக்கித் திருப்பி, தெளிவு வரும்வரை திருகினார். "பாருங்க ஹஜ்ரத்."

ஹஜ்ரத் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "எழுத்தெல்லாம் திரும்பி நிக்குதே."

"ஆமா. நான் வலதுன்னு சொன்னா அது இடது."

ரஃபீக் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே பிறையைத்தான் பாத்திருக்கோம் மாமு! ரெண்டு சாட்சி ஆச்சு!"

"ஒண்ணுதான்டா ஆச்சு" என்றார் காதர் பாய். பிறகு ஹஜ்ரத்தைப் பார்த்துச் சொன்னார்: "குழாயில தெரிஞ்சுது. தலையைத் தூக்கறதுக்குள்ள மேகம் மூடிடுச்சு. கண்ணுல பாக்கல. பாத்துட்டேங்கற சந்தோஷத்துல ஓடியாந்து பாத்தேன்னு சொல்லிட்டேன். என் பேரை எடுத்துடுங்க."

ஹஜ்ரத் அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். "பொய் சொல்லலைன்னு நான் சொல்றேன் பாய், எல்லார்கிட்டயும்." சாட்சி செல்லும் என்று அவர் சொல்லவில்லை. காதர் பாயும் கேட்கவில்லை.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு வேறு ஊர்களில் பிறை தெரிந்த செய்தி வந்து, மறுநாள் பெருநாள் என்று அறிவித்தார்கள். காலையில் தெரு முழுக்கப் புதுத்துணி. நான் அந்த வழியாகப் போனபோது காதர் பாயின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அன்று முழுவதும் கடையில் எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தேன். சம்பத் சார் ப்ரிஸம் எல்போ ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருந்தார். சொல்லாமலே எனக்குத் தெரியும், யாருக்கென்று.

காதர் பாய் சில நாள் கழித்து வந்தார். தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் ஒன்றுமில்லை. ஐபீஸ் மேல் படிந்த தூசியைத் துடைக்க என்ன வாங்கலாம் என்று கேட்க வந்திருந்தார். சம்பத் சார் எல்போவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது உள்ளபடியே காட்டும். அதைக் குடுத்துட்டு இதை எடுத்துண்டு போங்கோ."

காதர் பாய் அதை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். திரும்ப மேஜையில் வைத்தார்.

"வேணாம் சார். பழசே இருக்கட்டும். இது நேரா காட்டுச்சுன்னா, குழாயில பாத்தேனா கண்ணுல பாத்தேனான்னு எனக்கே மறந்துபோயிடும். அது மாத்திக் காட்டுறது நல்லதுதான்."

சம்பத் சார் தன் சட்டைப் பையிலிருந்த தூரிகையை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் அதை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு பள்ளிவாசலுக்கு மேற்கே அடுக்குமாடி ஒன்று எழும்பி வானத்தை மறைத்தது. எங்கள் கட்டடத்து மாடிக்கு வரலாமா என்று ஹஜ்ரத் கேட்டனுப்பினார். சம்பத் சார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். காதர் பாய் ஒவ்வொரு மாடிக்கும் ஒருமுறை உட்கார்ந்து ஏறிவந்தார். தொலைநோக்கியைத் தானே தூக்கினார்; ரஃபீக் கேட்டும் கொடுக்கவில்லை. சூரியன் இறங்கும்வரை மூடியைத் திறக்கவில்லை. இறங்கியதும் மேற்கு அடிவானத்தில் மெல்ல மெல்லக் குழாயை நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது.

"தெரியுதா மாமு?"

"டவருக்கு எடது பக்கம் பாருங்க. எடது. ரெண்டு விரக்கடை மேல."

நான் ஐபீஸில் எட்டிப் பார்த்தேன். அதில் செல்போன் கோபுரத்துக்கு வலப்பக்கம், நகக்கீறல் அளவுக்கு ஒரு வெளிச்சம். நிமிர்ந்து இடப்பக்கம் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருந்தது. ரஃபீக் "அல்லாஹு அக்பர்" என்றார். அவருடன் வந்த இன்னொருவரும் பார்த்துவிட்டார்.

"நான் பாத்தது கணக்குல வருமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா? உங்களுக்குத் தீபாவளி தேதி போட்டே வந்துடுதுல்ல" என்றார் காதர் பாய். அவர் கண்ணைச் சுருக்கி மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஜ்ரத் மற்ற இருவரையும் கேட்டு முடித்துவிட்டு அவரிடம் வந்தார். "நீங்க பாய்?"

"குழாயில பாத்தேன் ஹஜ்ரத். கண்ணுல தெரியல." சொல்லிவிட்டு மூடியைப் போட்டார்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். அவர் இடத்தைச் சொல்வார், மற்றவர்கள் பார்த்துச் சாட்சி சொல்வார்கள். குழாயில் வலப்பக்கம் தெரிவதை இடப்பக்கம் என்று மாற்றிச் சொல்ல அவர் ஒருபோதும் தவறியதில்லை. இப்போது வயது கூடிவிட்டது. ஒவ்வொரு மாடியிலும் இருமுறை உட்காருகிறார். ஆனாலும் வருகிறார்.

ரஞ்சனி, புதியவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மேலே உள்ள கதைக்குள்ளேயே இருக்கின்றன. அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மாடிக்குப் பூட்டுப் போடு, பெட்டிகளையும் அடுக்கு. மேற்குச் சுவரோரம் மட்டும் ஒரு நாற்காலி போடும் இடம் விடு. ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை சாவி உன் கையில் இருக்கட்டும். காதர் பாய் மூன்றாவது மாடிக்கு வரும்போதே கதவைத் திறந்துவிடு. ஏறிவந்து, பூட்டின் முன்னால் அவர் நிற்கக் கூடாது.